கழுத்துக்குத் திரும்பி வந்த செயின்!



வாரா வாரம் இந்தப் பகுதியில் நீங்கள் எழுதும் அனுபவங்களைப் படித்து விட்டு, 'நாமும் ஒரு நாள் எழுதணும்' என்று நினைத்துக் கொள்வேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதினால் சரியாக வருமா என்று ஒரு தயக்கம். போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்து, "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு மெட்ராஸ்ல வேலை கெடச்சிருக்கு. குடும்பத்தோட கெளம்பறோம். நீங்க மூணு வருஷம் அங்க இருந்தவங்களாச்சே, செலவ எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொன்னால் யாராவது ஒருவருக்காவது பயன்படுமே என்று பேனாவை எடுத்து விட்டேன்.

நத்தம் என்றால் மாம்பழமும், ரெடிமேட் சட்டையும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். என் கணவரும் சட்டைத் தொழிலில்தான் இருந்தார். 2022ம் வருஷம் சென்னை மாம்பலத்தில் ஒரு துணி நிறுவனத்தில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. ஜூன் மாதம் குரோம்பேட்டையில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடி போனோம். சம்பளம் 28 ஆயிரம். வாடகை 9 ஆயிரம். மகள் ஆறாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. 'ஊரில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு சம்பளமாச்சே' என்று எனக்கு ஒரே பெருமை.

போன புதுசில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. எதற்கெடுத்தாலும் செல்போனில் ஆட்டோவைக் கூப்பிடுவது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாலுக்குப் போவது... இதுதான் பட்டணத்து வாழ்க்கை என்று நினைத்துக் கொண்டோம். விளைவு? செப்டம்பரில் பிள்ளைகளுக்கு இரண்டாவது தவணை பள்ளிக் கட்டணம் கட்டக் கையில் காசில்லை. என் அம்மா கல்யாணத்துக்குப் போட்ட மூணு பவுன் செயினைக் கழற்றிக் கொடுத்தேன். அடகு வைத்து 40 ஆயிரம் வாங்கினோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. மாசம் 400 ரூபாய்.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, அம்மாவின் கண் நேராக என் கழுத்துக்குத்தான் போனது.

"ஏத்தா, கழுத்து வெறிச்சுனு கெடக்கு. செயின் எங்க?"

"கொக்கி அறுந்து போச்சும்மா. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கேன்."

அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். பஸ் கிளம்பும் நேரத்தில், முந்தானையில் முடிந்து வைத்திருந்த 500 ரூபாயை ஜன்னல் வழியாக என் கையில் திணித்தார். "வச்சுக்க... கொக்கி ரிப்பேருக்கு ஆகும்" என்றார். வண்டி திண்டுக்கல் வந்து சேரும் வரை நான் முந்தானையால் முகத்தை மூடிக் கொண்டே வந்தேன். பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா?

நோட்டு சொன்ன கணக்கு

சென்னை வந்ததும் மகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்தேன். நவம்பர் மாதம் முழுக்க எதையும் குறைக்கவில்லை. எப்போதும் போலச் செலவு செய்து, ஒன்று விடாமல் எழுதி மட்டும் வந்தேன். மாசக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மயக்கமே வந்து விட்டது!

போக்குவரத்துக்கு 3,400 ரூபாய். பொழுதுபோக்குக்கு 4,800 ரூபாய். ஆக 8,200. எங்கள் வீட்டு வாடகைக்கு இன்னும் 800 ரூபாய்தான் குறைச்சல்!

அதில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைக் கேளுங்கள். மாலுக்குப் போய் வர ஆட்டோ 520. சினிமா டிக்கெட் நாலு பேருக்கு 760. இடைவேளையில் பாப்கார்னும் கூல்டிரிங்ஸும் 640. பிள்ளைகள் விளையாட்டு மெஷினில் விளையாட 400. ராத்திரி சாப்பாடு 780. மொத்தம் 3,100 ரூபாய். அன்றைக்குப் பார்த்த படத்தின் கதை கூட இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

நோட்டை என் கணவரிடம் காட்டினேன். அவருக்கு முகம் சுருங்கி விட்டது. "ஆறு நாளு நின்னுக்கிட்டே வேலை பாக்கறேன். ஒரு நாளு பிள்ளைகளோட சந்தோஷமா இருக்கக் கூடாதா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது அல்லவா? "சந்தோஷத்தக் குறைக்கச் சொல்லலைங்க. காசைத்தான் குறைக்கச் சொல்றேன். எட்டு மாசம் எனக்கு விட்டுக் கொடுங்க" என்றேன். யோசித்துத் தலையாட்டினார்.

போக்குவரத்தில் பிடித்த மிச்சம்

முதலில் அவர் வேலைக்குப் போவதைப் பார்த்தோம். லேட்டாகி விட்டது என்று வாரத்தில் பாதி நாள் ஆட்டோவோ, பைக் டாக்ஸியோ பிடித்துப் போவார். அதற்கு மட்டும் 1,900 ரூபாய் ஆகியிருந்தது. குரோம்பேட்டையிலிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயில் நேராகப் போகிறது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931லிருந்து ஓடும் ரயில் அது. நாங்கள் இருந்தவரை டிக்கெட் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்தான். தினமும் போகிறவர்களுக்கு மாத சீசன் டிக்கெட் இன்னும் மலிவு. மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால், மாதா மாதம் மூன்று தடவை எடுப்பதை விடக் குறைவாகவே வரும். நான் காலையில் இருபது நிமிஷம் முன்னதாக டிபனைக் கொடுத்து விட்டால் போதும், அவர் ரயிலைப் பிடித்து விடுவார். அவருடைய ஆட்டோச் செலவுக்குப் பாதிக் காரணம் என் அடுப்படிதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது!

அடுத்தது எனக்கும் பிள்ளைகளுக்கும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள் அல்லவா? அது எனக்குத் தெரியும். ஆனால் சென்னையில் எந்த பஸ் இலவசம், எது இல்லை என்று புரியாமல், 'நமக்கெதுக்கு வம்பு' என்று ஆட்டோவிலேயே போய்க் கொண்டிருந்தேன். 'ஒயிட் போர்டு' என்று சொல்லும் சாதாரண பஸ்ஸில்தான் இலவசம், டீலக்ஸிலும் ஏ.சி. பஸ்ஸிலும் கிடையாது என்று கீழ் வீட்டு மாமி சொல்லிக் கொடுத்தார். 2022 ஆகஸ்டிலிருந்து அந்த பஸ்களில் சிலவற்றுக்கு அடையாளம் தெரிய இளஞ்சிவப்பு வண்ணம் அடித்து விட்டார்கள். காசு கொடுக்கா விட்டாலும் கண்டக்டரிடம் இலவசச் சீட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். என் மகளுக்கும் இலவசம். மகனுக்கு மட்டும் அரை டிக்கெட். "நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?" என்று அவன் கேட்பது பஸ்ஸில் எல்லாருக்கும் சிரிப்பாக இருக்கும்.

இந்த மாதிரித் திட்டம் நம் ஊரில் மட்டும் இல்லை. தில்லியில் 2019லேயே பெண்களுக்கு பஸ்ஸில் இலவசம் என்று கொண்டு வந்தார்கள். கர்நாடகத்தில் 2023 ஜூனில் வந்தது. லக்சம்பர்க் என்ற குட்டி நாட்டில் 2020லிருந்து ஆண், பெண் எல்லாருக்குமே பஸ், ரயில் இலவசமாம். 'ஓசி பஸ்' என்று சிலர் கேலி பேசுவார்கள். கூச்சப்படாதீர்கள் சகோதரிகளே! அந்தக் காசு நம் வீட்டுப் பாலுக்கும் பாடப் புத்தகத்துக்கும்தான் போகிறது.

பஸ்ஸில் போவதென்றால் நேரம் வேண்டும். அதற்கும் ஒரு வழி இருந்தது. 'சென்னை பஸ்' என்று ஒரு செயலியைச் செல்போனில் என் மகள் போட்டுக் கொடுத்தாள். பஸ் எங்கே வருகிறது என்று அதில் தெரியும். ஸ்டாப்பில் வெயிலில் காய வேண்டியதில்லை, வீட்டில் குக்கரை இறக்கி விட்டுக் கிளம்பலாம். மெட்ரோ ரயிலில் நாங்கள் எப்போதாவதுதான் போவோம். அப்போது கவுண்டரில் சாதா டிக்கெட் வாங்காமல் கார்டிலோ, செல்போனிலோ எடுத்தால் 20 சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள். நாலு பேருக்கு என்றால் அதுவும் காசுதானே!

பொழுதுபோக்குக்கு மகள் போட்ட திட்டம்

போக்குவரத்தைக் குறைத்தது சுலபம். பொழுதுபோக்கில்தான் போராட்டம். "என் ஃபிரண்ட்ஸ் எல்லாரும் மாலுக்குப் போறாங்க. நான் மட்டும் திங்கக்கிழமை கிளாஸ்ல என்ன சொல்றது?" என்று மகள் அழுதாள். அதட்டினால் கேட்கிற வயசா? நோட்டையே அவள் கையில் கொடுத்தேன். "இந்தா, ஒரு ஞாயித்துக்கிழமைக்கு 250 ரூபா. நாலு பேரும் வெளிய போகணும், வயிறு நெறையணும், சந்தோஷமா இருக்கணும். நீயே திட்டம் போடு" என்றேன். அழுகை நின்று விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சுற்றுலா மந்திரி அவள்தான்!

முதல் வாரம் அவள் தேர்ந்தெடுத்தது எழும்பூர் அருங்காட்சியகம். 1851ல் தொடங்கியதாம். குரோம்பேட்டையிலிருந்து ஒரே ரயில். குறைந்த நுழைவுக் கட்டணத்தில் செப்புச் சிலைகள், திமிங்கல எலும்புக்கூடு, குழந்தைகள் அருங்காட்சியகம் என்று நாள் முழுக்கச் சுற்றினோம். காலையில் கட்டிக் கொண்டு போன புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் மரத்தடியில் காலி. (வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. தெரியாமல் போய் ஏமாறாதீர்கள்.)

அடுத்தது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010ல் திறந்தது. உள்ளே போகக் காசு கிடையாது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. 'படிக்கிற இடத்துக்கா?' என்று முணுமுணுத்துக் கொண்டே வந்த மகனைச் சாயங்காலம் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகி விட்டது.

மெரினாவுக்கு மாதம் ஒரு தடவை. மின்சார ரயிலில் போய், பறக்கும் ரயில் மாறி, திருவல்லிக்கேணியில் இறங்கி நடப்போம். 2023 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷத்துக்கும் மேலே கடற்கரைக்கும் சேப்பாக்கத்துக்கும் இடையே பறக்கும் ரயிலை வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள். அப்போது பஸ்தான். சுண்டலும் முறுக்கும் வீட்டிலிருந்தே கொண்டு போவேன். ஆனால் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பலூனோ, பஞ்சு மிட்டாயோ கட்டாயம் உண்டு. அதையும் பிடுங்கி விட்டால் அது சிக்கனம் இல்லை, கஞ்சத்தனம்.

மார்கழி வந்தால் சென்னையில் சபாக்களில் கச்சேரி. சாயங்காலக் கச்சேரிகளுக்குத்தான் பெரும்பாலும் டிக்கெட். காலையிலும் மதியமும் பல சபாக்களில் இலவசமாகவே உட்கார்ந்து கேட்கலாம். எனக்கு ராகம் தாளம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் பட்டுப்புடவைக்காரர்களுக்கு நடுவே என் நூல் புடவையோடு உட்கார்ந்து கேட்டேன். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை! ஜனவரியில் புத்தகக் கண்காட்சி. அப்போது நுழைவுக் கட்டணம் பத்து ரூபாயாக இருந்தது. 2023 பொங்கலுக்கு 'சென்னை சங்கமம்' என்று பூங்காக்களிலும் மைதானங்களிலும் கரகம், ஒயிலாட்டம், பறையாட்டம் எல்லாம் இலவசமாக நடந்தது. பறைச் சத்தம் கேட்டதும், எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவும் கழுமரம் ஏறுவதும் கண் முன்னே வந்து நின்றன. என் கணவர் மகனைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டு ஆடவே ஆரம்பித்து விட்டார். மாலில் அவர் ஒரு நாளும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சினிமாவை அடியோடு விடவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு படம். மாலில் இல்லை, கட்டணம் குறைந்த சாதாரண தியேட்டரில். ஆன்லைனில் பதிவு செய்தால் டிக்கெட்டுக்கு மேலே தனியாகக் கட்டணம் பிடிக்கிறார்கள். அதனால் அவர் நேரில் போய் வரிசையில் நின்று வாங்கி வருவார். சாப்பிட்டு விட்டுப் போய் விடுவதால் இடைவேளைச் செலவும் இல்லை.

நான் செய்த ஒரு தப்பு

எல்லாம் சாமர்த்தியமாகச் செய்தேன் என்று பீற்றிக் கொள்ள மாட்டேன். மிச்சம் பிடிக்கிற வெறியில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லி விடுகிறேன்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் மகனுக்கு உடம்பு சுட்டது. டாக்டரிடம் காட்டி விட்டுத் திரும்பும்போது, ஆட்டோ 150 ரூபாய் கேட்டார்கள். 'வெள்ளை போர்டு வந்துரும்' என்று ஸ்டாப்பிலேயே நின்றேன். ஐம்பது நிமிஷம்! வந்த ஒன்றிரண்டு பஸ்ஸும் டீலக்ஸ். அதற்கும் ஏறாமல் நின்றேன். பிள்ளை என் புடவையிலேயே வாந்தி எடுத்து விட்டுத் துவண்டு விட்டான். ஒரு பூக்காரம்மா தண்ணீர் கொடுத்து, "என்னம்மா, புள்ளைய விடவா காசு பெருசு?" என்று கேட்டார். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ராத்திரி காய்ச்சல் கூடி, மறுபடி டாக்டர், ஊசி, மருந்து என்று சேமிப்பிலிருந்து 2 ஆயிரம் எடுக்க வேண்டி வந்தது.

மறுநாளே நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதினேன். உடம்பு சரியில்லை என்றால் ஆட்டோ. ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஆட்டோ. மகள் தனியாக வர வேண்டும் என்றால் ஆட்டோ. இந்த மூன்றுக்கும் கணக்குப் பார்க்கக் கூடாது. அதற்கென்று ஒரு டப்பாவில் 500 ரூபாய் எப்போதும் தனியாக இருக்கும். சிக்கனம் என்பது எதில் செலவு செய்யக் கூடாது என்பது மட்டும் இல்லை சகோதரிகளே... எதில் கட்டாயம் செய்ய வேண்டும் என்பதும்தான்.

எட்டு மாதக் கணக்கு

டிசம்பரிலிருந்து போக்குவரத்துக்கு மாதம் 1,250, பொழுதுபோக்குக்கு 1,100 என்று வந்தது. ஆக 2,350. முன்பு ஆன 8,200ல் இது போக, மாதம் 5,850 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தைச் சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வைத்து விடுவோம். 'கடைசியில் மிஞ்சினால் சேர்ப்போம்' என்றிருந்தால் ஒரு நாளும் மிஞ்சியிருக்காது. ஜூலை வரை எட்டு மாதத்தில் 46,800. காய்ச்சலுக்கு எடுத்தது போக 44,800. அசல் 40 ஆயிரம், பதினோரு மாத வட்டி 4,400. கட்டியது போக மீதி 400 ரூபாய். அதில் நாலு பேரும் ஓட்டலில் உட்கார்ந்து நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை!

2025 மே மாதம், மாமனாருக்கு முடியாமல் போனதால் நத்தத்துக்கே திரும்பி வந்து விட்டோம். அவர் மறுபடியும் சட்டைத் தொழிலில் இருக்கிறார். சம்பளம் குறைவுதான். ஆனால் நோட்டு நிற்கவில்லை. இப்போது எங்களுக்குப் 'பெரிய ஊர்' மதுரை. புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எங்களுக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது. தமுக்கத்துக்குப் பக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959லிருந்து இருக்கிற காந்தி மியூசியம். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் காற்று வாங்கினால் நேரம் போவதே தெரியாது. வெளியூர் பஸ்ஸில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு என்பதால், இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்து வைத்துக் கொண்டு ஒரே நாளில் முடித்து வருகிறோம்.

பட்டணம் போகிற சகோதரிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதல் மாதம் எதையும் குறைக்காதீர்கள், எழுதி மட்டும் வையுங்கள். குறைக்க வேண்டியது எது என்று அந்த நோட்டே காட்டிக் கொடுக்கும். வீட்டுக்காரரிடம் சண்டை போடாமல் கணக்கைக் காட்டுங்கள். பிள்ளைகளிடம் 'காசு இல்லை' என்று அழ வைக்காமல், 'இவ்வளவு இருக்கிறது, நீயே திட்டம் போடு' என்று பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். அடகு வைத்த நகை ஒன்று இருந்தால், அதன் சீட்டை அலமாரிக்குள் ஒளிக்காமல் அந்த நோட்டின் நடுவிலேயே வையுங்கள். திறக்கும்போதெல்லாம் கண்ணில் படட்டும்.

ஒன்று சொல்ல மறந்து விட்டேன். 2023 தீபாவளிக்கு ஊருக்கு வந்தோம் அல்லவா? அம்மா திண்ணையில் உட்கார்ந்து புளி ஆய்ந்து கொண்டிருந்தார். நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தார்.

"என்னத்தா, கொக்கி சரியாயிருச்சா?"

"சரியாயிருச்சும்மா."

"இனிமே அறாமப் பாத்துக்க" என்று சொல்லி விட்டு, மறுபடியும் புளியை ஆயக் குனிந்து கொண்டார்.

— ஒரு வாசகி, நத்தம்.